இரண்டு தட்டு

கண்ணாடிக் குடுவையின் அடியில் முதலில் சேர்ந்தது தண்ணீர். அதற்கு மேல் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் டீசல். இரண்டுக்கும் நடுவில், பாசாரில் சின்சாவ் ஜெல்லி விற்பவன் சீவிப் போடுகிற கட்டிகளைப் போலக் கறுப்பாக, வழவழவென்று ஒரு பாசி. யோகேஸ்வரி குந்தி உட்கார்ந்து அடித் திருகைத் திறந்தாள். தண்ணீரும் பாசியும் வாளிக்குள் விழுந்தன. அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டே திருகை மூடினாள்.

பாலிஷ் மிஷின் என்று பெயர்தான் பெரிது. பார்த்தால் கேஸ் தோம்பு தள்ளுகிற இரட்டைச் சக்கர வண்டி. அதில் ஒரு பம்பு, இந்தக் குடுவை, பக்கத்தில் இரண்டு ஃபில்டர். படகின் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி, தண்ணீரைப் பிரித்து, கசடை வடிகட்டி, திரும்பவும் டேங்குக்கே அனுப்பும். அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால்தான் டீசல் தெளியும். குடுவை நிறைந்தால் வடிப்பதும் ஃபில்டர் அடைத்தால் மாற்றுவதும் யோகேஸ்வரியின் வேலை. பீடோங் சந்தையில் கருவாட்டுக் கடை போட்டிருந்தவரின் மகள் அவள். சரக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நம்பமாட்டாள். சின்ன பாட்டிலில் டீசலைப் பிடித்து, வடக்கே நிற்கும் ஜெராய் மலைக்கு நேராகத் தூக்குவாள். பாட்டிலுக்குள் மலை தெரிந்தால் சுத்தம். தெரியாவிட்டால் இன்னொரு சுற்று.

இன்று மலை தெரிய வெகுநேரம் ஆயிற்று. பச்சை மூக்குப் படகு அவ்வளவு அழுக்கைச் சுமந்து வந்திருந்தது.

தஞ்சோங் டாவாய் ஆற்றுமுகப் படகுத்துறையில் அந்தப் படகை எல்லோருக்கும் தெரியும். முனையில் பச்சைச் சாயம் அடித்த பெரிய மரப்படகு. ஒரு வருடமாகக் கோலக் கெடாப் பக்கம் தொழில் செய்துகொண்டிருந்தது. போன வாரம் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், வேறொரு படகு இழுத்துக்கொண்டு வந்து இங்கே கட்டியது. கட்டிய அன்றே பக்கத்துப் படகுகள் இரண்டும் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டன. யாரோ டேங்க் வாயருகே எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சூடம் கொளுத்த வந்த ஒருவனை யோகேஸ்வரிதான் விரட்டினாள்.

"டீசல் டேங்க் வாயில நெருப்பு வச்சா, நீதான் அடுத்த பேயி. போயிடு."

அந்தப் பேய் அவளுடைய புருஷன்.

தேவன் போன வருடம் இந்த டேங்கில்தான் செத்துப்போனான். மற்றப் படகுகளின் டேங்குகள் சிறியவை, மேலிருந்தே ரப்பர் குழாயை விட்டு வேலையை முடித்துவிடலாம். இது ஆள் இறங்கிச் சுரண்டும் டேங்க். தரையில் ஒட்டிய பாசியைச் சுரண்டாமல் விட்டால், கடலில் அலை தூக்கிப் போடும்போது கலங்கிக் கிளம்பி எஞ்சினை அடைத்துவிடும். நடுவே ஒரு தடுப்புத் தகடு வேறு. அதற்கு அப்பால் போனவன் வெளியே இருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அதனால் தட்டு. வெளியே நிற்பவன் டேங்க் வாயின் இரும்பு விளிம்பில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவான். உள்ளே இருப்பவன் பதிலுக்கு இரண்டு தட்டினால் நன்றாக இருக்கிறான். மூன்று தட்டினால் கயிற்றை இழுக்க வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கமோ, துறையில் எல்லோருக்கும் அதுதான் பாஷை.

அன்று வெளியே நின்றவன், தேவனோடு வேலை செய்த லோகேஸ்வரன். தட்டிய போதெல்லாம் இரண்டு தட்டு வந்தது. கடைசிவரை வந்தது. தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டு ஆள் வராமல், டார்ச் அடித்துப் பார்த்தபோது தேவன் பாசியில் முகம் புதைந்து கிடந்தான். விசாரிக்க வந்தவர்களிடம் காண்ட்ராக்டர் புவனேஸ்வரன் சொன்னார், "கடைசி நிமிசம் வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தான் சார். காத்து இல்லன்னா எப்படித் தட்டுவான்? நெஞ்சுதான்." லோகேஸ்வரனையும் கேட்டார்கள். தட்டுக் கேட்டதா? கேட்டது. அவன் பொய் சொல்லவில்லை. நெஞ்சு என்றே எழுதிக்கொண்டு போனார்கள்.

உடலை லாரியில் ஏற்றிப் போன பிறகும் அந்த டேங்க் தட்டிக்கொண்டே இருந்தது என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு, இரண்டாக. வெறும் டேங்க். மிஷினை நிறுத்தக்கூட யாருக்கும் கிட்டே போகத் தைரியமில்லை. பம்பு எஞ்சினில் டீசல் தீர்ந்து அது தானே நின்ற பிறகுதான் தட்டும் நின்றதாம்.

காரியம் முடிந்த மறுநாள் புவனேஸ்வரன் ஆரஞ்சுப்பழப் பையோடு வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, என் கம்பெனில வந்து உக்காரு. உன் புருஷன் இடம், உனக்குத்தான்." சந்தையில் பிறந்தவளுக்கு, கேட்காமல் கையில் திணிக்கிற சரக்கின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். இருந்தும் வந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தட்டை அவள் ஒரு தடவை கேட்க வேண்டும்.

தெளிந்த டீசலைப் பீப்பாய்களுக்கு மாற்றி முடித்தபோது புவனேஸ்வரனின் பிக்-அப் வந்து நின்றது. இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். டேங்கில் இறங்குவதற்காகப் படகில் காத்திருந்த லோகேஸ்வரன் எழுந்து நின்றான்.

"டேங்குக்குள்ள காத்து அடிக்கிற காத்தாடி எங்க பாஸ்?"

"அது கோலக் கெடால இருக்குலா. வேற வேலைக்குப் போயிருக்கு. நாளைக்கு வந்துரும்."

"அப்ப நாளைக்கு இறங்குறேன்."

"நாளைக்குப் படகு கடல்ல நிக்கும். அங்க பாரு, படகுத் தவுக்கேயோட ஆளுங்க ஐஸ் ஏத்திக்கிட்டிருக்காங்க. சாயங்காலம் தண்ணி ஏறுனா கிளம்பணும். மூடியைக் காலையிலேயே திறந்து போட்டாச்சு. காத்து தானா இறங்கும். காத்துக்கு என்ன கேட் பாஸா வேணும்?"

"தேவண்ணன் இறங்கும்போதும் இதையேதான் சொன்னீங்க."

"அவனுக்கு நெஞ்சுல கோளாறு. உனக்கு நெஞ்சே இல்லலா, அதான் கோளாறு." சொல்லிவிட்டு யோகேஸ்வரி பக்கம் திரும்பினார். "தங்கச்சி, தப்பா நினைச்சுக்காத. பேச்சுக்குச் சொல்றது."

அவள் ஃபில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஷ்டம் இல்லன்னா இறங்காத," என்றார் புவனேஸ்வரன், லோகேஸ்வரன் தோளில் கையைப் போட்டு, மிகவும் அன்பாக. "கூலிம்ல ஏஜெண்டு இருக்கான். ஒரு போனு, ஆள் வந்துரும். நாளையிலேருந்து நீயும் பெட்ரோலைச் செலவு பண்ணிக்கிட்டு பீடோங்லேருந்து இவ்ளோ தூரம் வர வேணாம். வீட்ல நிம்மதியா இரு."

லோகேஸ்வரன் கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டினான். துண்டை நனைத்து மூக்கை மூடி, பின்னால் முடிச்சுப் போட்டான். செருப்பைக் கழற்றி டேங்க் வாயருகே ஒழுங்காக வைத்தான்.

"டீசல்ல செம்பனை எண்ணெய் கலக்குறான் பாருங்க அண்ணி, அதனாலதான் இந்தப் பாசி இப்படி வளருது," என்றான். "எங்கப்பா காலம் பூரா எஸ்டேட்ல செம்பனைக் குலை வெட்டினாரு. அது இங்க வந்து தேங்கிக் கிடக்கு, நான் சுரண்டுறேன். குடும்பத் தொழில்லா."

"வாயை மூடிக்கிட்டு இறங்கு. வாடை உள்ள போவும்."

ஒரு காலை உள்ளே விட்டவன் நின்றான். "அண்ணி. நான் தட்டினா மெதுவாத் தட்டுவேன். வேற மாதிரி கேட்டுச்சுன்னா, அது அண்ணன்."

"உங்கண்ணன் வந்தா நான் பேசிக்கிறேன். நீ வேலையைப் பாரு."

அவன் சிரித்தது துண்டுக்குள் அமுங்கியது. தலை உள்ளே போயிற்று. யோகேஸ்வரி நீள இரும்புக் குழாயை அவன் பின்னாலேயே இறக்கினாள். அதன் ஒரு முனை அவன் கையில், மேல் முனை டேங்க் வாயில் சாய்ந்து மிஷினுக்கு வந்தது. அவன் சுரண்டச் சுரண்டப் பாசியை அது உறிஞ்ச வேண்டும். பம்பைப் போட்டாள்.

ஒரு தட்டுத் தட்டினாள். டொக்... டொக். லோகேஸ்வரனின் தட்டு, அவன் நடையைப் போலவே கனமாக, அவசரமில்லாமல். குடுவையில் சின்சாவ் நிறைந்தது. வடித்தாள். மறுபடி ஒரு தட்டு. டொக்... டொக். வடித்தாள். புவனேஸ்வரன் தகரக் கொட்டகை நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனில் பேச ஆரம்பித்தார். துறையின் அந்தக் கோடியில் ஐஸ் அரைக்கும் சத்தம்.

பிறகு, அவள் தட்டாமலே அது வந்தது.

டக்-டக்.

யோகேஸ்வரியின் கை வாளியின் மேலேயே நின்றது. லோகேஸ்வரனின் தட்டு இல்லை. மெல்லியதாக, துல்லியமாக, டேங்க் வாய்க்குப் பக்கத்திலேயே யாரோ நின்று தட்டுகிற மாதிரி. டக்-டக். ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. டேங்க் வாயருகே, லோகேஸ்வரனின் செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். புடவைக்கடை வாசலில் கணவன் வருவான் என்று காத்திருப்பவளைப் போலச் சேலை ஓரத்தை, இல்லை, அவள் போட்டிருந்தது கம்பெனிச் சட்டை, அதன் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

டக்-டக்.

தேவனின் விரல்கள் சும்மா இருந்து அவள் பார்த்ததில்லை. உறுமி மேளக் குழுவில் அடிக்கிறவன். சோற்றுத் தட்டில் தட்டுவான், மோட்டார்சைக்கிள் டேங்கில் தட்டுவான், அவள் தூங்கும்போது தோளில் தட்டுவான். எந்தத் தட்டையும் வெறுமனே விடமாட்டான். கடைசியில் சுண்டுவிரலால் ஒரு சுண்டு சுண்டினால்தான் அவனுக்கு அடி முடிந்ததாகும். இங்கே இந்த டேங்கில் அவனுக்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள், இவன் மட்டும் இரண்டே கால் தட்டுத் தட்டுவான் என்று.

அவள் அந்தக் கால் தட்டுக்காகக் காதைக் கொடுத்தாள்.

டக்-டக். சுண்டு இல்லை. டக்-டக். இல்லை. இன்னும் குனிந்தாள். அழுகிய முட்டை வாடை. டக்-டக்.

ஸ்பேனரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு வந்தது. மூன்று தட்டினாள். அதற்கும் இரண்டு. தட்டாமல் இருந்தாள். இரண்டு. அவள் அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் ஒரு வெங்காய வியாபாரி இருந்தான். என்ன கேட்டாலும் நல்ல சரக்குத்தான் என்று தலையாட்டுவான், கேட்காவிட்டாலும் ஆட்டுவான். அவன் சாக்கை அப்பா ஒருநாள் தலைகீழாகக் கொட்டச் சொன்னார். அடியில் எல்லாம் அழுகல்.

யோகேஸ்வரி திரும்பிக் குடுவையைப் பார்த்தாள். பாசி இல்லை. குமிழ் குமிழாக வெறும் காற்று. குழாயின் வாய் காற்றையும் கொஞ்சம் கசடையும் மாறி மாறி விழுங்க, ஒவ்வொரு விழுங்கலுக்கும் குழாய் துள்ளி, டேங்க் வாயின் விளிம்பில் போய் இடித்துக்கொண்டிருந்தது. டக்-டக். கீழே அதைப் பிடித்திருக்க ஒரு கை இருந்தால் அது துள்ளாது.

பாய்ந்து போய்ப் பம்பை அணைத்தாள்.

தட்டு நின்றது. உள்ளே எதுவும் அசையவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் ஐஸ் அரைப்பவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். தடுப்புத் தகட்டில் எங்கோ மாட்டி, நழுவி, கறுப்பாக ஒரு தலை டேங்க் வாய்க்கு வந்தது. தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். மீன் தோம்பின் மூடிமேல் கிடத்தி, யோகேஸ்வரி அவன் மூக்குத் துண்டைக் கிழித்து எறிந்தாள். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஐஸ் தண்ணீரை வாரி அடித்தாள். கன்னத்தில் அறைந்தாள். "லோகு! டேய் லோகு!" என்று மறுபடி அறைந்தாள். அவன் உடம்பு ஒரு தடவை வளைந்தது. கறுப்பாக வாந்தி எடுத்தான். கண் திறந்தது.

"அண்ணி," என்றான் வெகுநேரம் கழித்து. "அண்ணன் தட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்குக் கேட்டுச்சு. என்னால எந்திரிக்க முடியல."

ஐஸ் லாரியில் அவனைக் கிளினிக்குக்கு ஏற்றி அனுப்பினார்கள். புவனேஸ்வரன் கூடவே நடந்து, லாரிக் கதவைத் தானே சாத்திவிட்டு வந்தார். "காலையில சாப்பிடலன்னு நினைக்கிறேன். வெயில் வேற. இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தெம்பு இல்லலா."

"பாஸ், இங்க வாங்க," என்றாள் யோகேஸ்வரி.

அவர் வந்தார். அவள் பம்பைப் போட்டாள். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் துள்ள ஆரம்பித்தது. டக்-டக். வெறும் டேங்க். டக்-டக். கூடியிருந்த படகுக்காரர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவள் குழாயைக் கையால் அழுத்திப் பிடித்தாள். தட்டு நின்றது. கையை எடுத்தாள். டக்-டக்.

"அன்னிக்கும் இதுதான் தட்டிச்சு. கடைசி வரைக்கும் தட்டினாருன்னு நீங்க சொன்னீங்க. அவர் தட்டல. அவர் விழுந்தப்புறம்தான் இது தட்டவே ஆரம்பிச்சிருக்கு."

புவனேஸ்வரன் குழாயைப் பார்த்தார். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிவைத்த புளியை வாங்க வந்தவளே விரலால் தொட்டுக் காட்டினால் கடைக்காரன் முகம் எப்படி இருக்குமோ, ஒரு கணம் அப்படி இருந்தது. பிறகு சிரிப்பு திரும்பி வந்தது. குனிந்து பம்பை அணைத்தார்.

"தங்கச்சி, உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா எழுதி முடிச்சது முடிஞ்சு போச்சு. இதைக் கொண்டுபோய் யார்கிட்டக் காட்டுவ? மிஷின் என்னுது, நாளைக்கு வேற ஊர்ல நிக்கும்." அவள் கை சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டதைப் பார்த்துவிட்டார். "அதுல பிடிச்சாலும் டக்டக்னுதான் கேக்கும். யார் தட்டினான்னு எந்தப் போனு சொல்லும்?"

படகுக்காரர்கள் ஒவ்வொருவராக ஐஸ் கூடைக்குத் திரும்பினார்கள். பேய் இல்லை என்று தெரிந்ததில் அவர்களுக்கு நிம்மதிதான். ஒருவன் போகிற போக்கில் எலுமிச்சம்பழத்தை அறுத்து ஆற்றில் எறிந்தான்.

லோகேஸ்வரனின் வாந்தியைக் கழுவிவிட்ட ஈரம் காய்வதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. கூலிமிலிருந்து அவ்வளவு சீக்கிரம் யாராலும் வர முடியாது. காலையிலேயே போன் போயிருக்கிறது. லோகேஸ்வரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே அந்த வேன் பாதி வழியில் இருந்திருக்க வேண்டும். ஏதோ தொழிற்சாலையின் பழைய சட்டையோடு ஒரு வங்காளதேசத்து ஆள் இறங்கி நின்றான். புவனேஸ்வரன் டேங்க் வாயைக் காட்டினார், சுரண்டியைக் கையில் கொடுத்தார். பெயர் கேட்கவில்லை.

"நாமா சியாப்பா?" என்று யோகேஸ்வரிதான் கேட்டாள்.

"ஜமால்."

அவன் தன் செருப்பைக் கழற்றி லோகேஸ்வரனின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் கயிற்றை அவன் இடுப்பில் கட்டினாள். மறு நுனியைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். தகட்டுக்கு அப்பால் போகாதே என்று சைகையால் சொன்னாள். அவன் புரியாமல் தலையாட்டிவிட்டு இறங்கினான். அவள் பம்பைப் போட்டாள். தட்டைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. ஸ்பேனரையும் தொடவில்லை. டேங்க் வாயில் குப்புறப் படுத்து, டார்ச்சை உள்ளே பிடித்து, அவன் முதுகு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கயிற்றை இழுத்தாள்.

"நாயிக்! மேல வா, மேல!"

ஜமால் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். அவள் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். அவன் குடிக்கக் குடிக்கத் தாடையில் வழிந்தது. இரும்புக் குழாய் உள்ளேயே கிடந்தது, பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

டக்-டக்.

ஜமால் திடுக்கிட்டுத் திரும்பினான்.

கொட்டகை நிழலில் புவனேஸ்வரன் படகு முதலாளியான தவுக்கேயோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முதுகு படகுப் பக்கம் இருந்தது. ஆள் உள்ளேதான் இருக்கிறான், வேலை ஓடுகிறது, சாயங்காலம் கிளம்பிவிடலாம் என்று மலாயில் உரக்கச் சொன்னார். எதிர்முனையில் நம்பவில்லை போலிருக்கிறது. புவனேஸ்வரன் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்த திசையில், தட்டிக்கொண்டிருந்த அந்தக் காலி டேங்கை நோக்கிப் போனைப் பிடித்துக் காட்டினார்.